ஒரு பொட்டலம் பொட்டாசியம்

மூளை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் உப்புக்காரர்தான். எலியின் மூளையிலிருந்து சீவியெடுத்த மெல்லிய துண்டு சில மணி நேரமாவது உயிரோடிருக்க, அதற்கென்று ஓர் உப்புநீர் வேண்டும். பதினாறு வருஷமாக அதைக் கலந்து கொடுப்பது அவர் வேலை. கை சுத்தம், கணக்கு சுத்தம். வீட்டிலும் முதல் வாய் எடுத்து வைத்ததும், "ஒரு சிட்டிகை கம்மி" என்பார். "தராசை நாக்குலயே மாட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்பாள் மனைவி.

அந்த வெள்ளிக்கிழமை கூடமே குதூகலத்தில் இருந்தது. ஆராய்ச்சியாளர் அம்மா மூன்று வருஷமாகப் பின்தொடர்ந்த வலிப்பு மருந்து வேலை செய்துவிட்டது. என்ன ஏதென்று அவள்தான் அவருக்கு ஒருமுறை சொல்லியிருந்தாள்.

"அண்ணே, நரம்புச் செல்லுக்குள்ள பொட்டாசியம் நிறைய இருக்கு. அது வெளிய போக செல்லோட சுவர்ல குட்டிக் குட்டி வாசல். சேனல்னு சொல்வோம். வாசல் திறந்தா பொட்டாசியம் வெளிய போகும், செல் அமைதியாகும். வாசல் சரியா திறக்கலைன்னா சும்மாவே கத்திக்கிட்டிருக்கும். அந்தக் கத்தல் பக்கத்துல பரவினா வலிப்பு. நம்ம மருந்து அந்த வாசலைத் திறந்து பிடிச்சுக்கும்."

செல் துடிப்பதை ஒரு சின்ன ஒலிபெருக்கியில் கேட்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'டப்'. மருந்து கலக்காத பழைய பாட்டில் நீரில் படபடவென்று பொரிந்த செல்கள், மருந்து கலந்த புது பாட்டில் நீர் பட்டதும் கப்சிப். திங்கட்கிழமை காலை இயக்குநர் முன்னால் அவள் இதைச் சொல்ல வேண்டும். உப்புக்காரருக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. புது பாட்டில் அவர் கலந்ததாயிற்றே!

ஞாயிறு காலை அவருடைய வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்த மனைவி, பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தாள்.

"என்னங்க இது? யாருக்குக் காதல் கடிதம்?"

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். மேலே தன் கையெழுத்தில் 'பொ' என்று கண்டதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்தப் புது பாட்டிலுக்காக வியாழக்கிழமை இரண்டு லிட்டர் கலந்தார். ஒவ்வோர் உப்பிலும் லிட்டருக்கு ஒன்றாக இரண்டு பொட்டலம். பொட்டாசியத்தில் முதல் பொட்டலத்தைக் கொட்டியபோது, துப்புரவு செய்யும் அம்மாவின் கையை உடைந்த கண்ணாடி கிழித்துவிட்டது. இரண்டாவதைப் பையில் செருகிக்கொண்டு ஓடினார். ரத்தத்தை நிறுத்தி, கட்டுப் போட்டு, தண்ணீர் கொடுத்துத் திரும்பி வந்தவர் அடுத்த உப்பை எடுத்துவிட்டார். உதவப் போன இடத்தில் நேர்ந்த பிழைதான். ஆனால் அது செல்லுக்குத் தெரியுமா?

"இதை வெளிய சொன்னா பதினாறு வருஷப் பேரும் போச்சு" என்றார்.

"சொல்லலைன்னா?"

"யாருக்கும் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே. இனிமே என் சமையல்ல உப்பு கம்மின்னு எந்த வாயால சொல்வீங்க?"

அவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கடவுளை நினைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆராய்ச்சியாளர் அம்மா கூடத்தில் நாளைய உரைக்குப் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "வெளிய பொட்டாசியம் பாதிதான்னா, உள்ள இருக்கிறது இன்னும் வேகமா வெளிய ஓடும். மருந்தே இல்லைன்னாலும் செல் அமைதியாகும். அப்ப அது மருந்தா, நம்ம தண்ணியா?"

"மன்னிச்சிடுங்க மேடம்."

"உட்காருங்க அண்ணே. இப்ப கை எப்படி இருக்கு?"

"யார் கை?"

"கண்ணாடி குத்தினவங்க கைதான்."

"ஆறிட்டு வருது" என்றார்.

"நல்லது. புதுசா கலங்க. ரெண்டு பாட்டிலும் ஒரே கலவையில இருந்து. இன்னைக்கே பார்த்துடுவோம்."

பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒவ்வொரு பொட்டலத்தையும் வாய்விட்டு எண்ணிக் கொட்டினார். மதியம் ஒரு செல் அகப்பட்டது. மருந்தில்லாத நீரில் படபடவென்று பொரிந்தது. மருந்து கலந்த நீரை விட்டார்கள். இருவரும் ஒலிபெருக்கிப் பக்கம் சாய்ந்தார்கள். படபடப்பு மெல்லத் தளர்ந்தது. டப்... டப்... நெடுநேரம் கழித்து இன்னொரு டப்.

"முழுசா அடங்கலையே மேடம்" என்றார், குரல் உள்ளே போக.

அவள் செல்லுக்கு ஒரு சின்ன மின்தூண்டல் கொடுத்தாள். டப், டப் என்று இரண்டு முறை பதில் சொல்லிவிட்டு அது மறுபடி அமைதியானது. இன்னொரு முறை கொடுத்தாள். அதே இரண்டு.

அவள் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். "கூப்பிட்டா பேசுது அண்ணே! கூப்பிடலைன்னா சும்மா இருக்கு! வெள்ளிக்கிழமை நான் எவ்வளவு கூப்பிட்டும் வாயே திறக்கல. மனசுல உறுத்திச்சு, சந்தோஷத்துல கண்டுக்காம விட்டுட்டேன். மொத்தமா வாயடைச்சா அது மருந்தா? மயக்கம். அப்புறம் மனுஷன் எதை வெச்சு யோசிக்கிறது, எதை வெச்சு சிரிக்கிறது?"

பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு செல்கள். நான்கும் அப்படியே பேசின, அப்படியே அமைதியாயின.

மறுநாள் இயக்குநர் முன்னால் அவள் பிழையிலிருந்தே பேச்சைத் தொடங்கினாள். "நேத்து இவர் வந்து சொல்லலைன்னா, தண்ணி செஞ்ச வேலையை மருந்து செஞ்சதுன்னு நினைச்சிருப்பேன். மருந்து நிஜமா என்ன செய்யுதுன்னும் தெரிஞ்சிருக்காது" என்றாள். இயக்குநர் எழுந்து வந்து உப்புக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையில் கட்டோடு கதவோரம் நின்ற துப்புரவு அம்மா ஒரு கையாலேயே மேசையைத் தட்டினாள்.

உண்மை ஒரு சின்ன வாசல்தான். அதைத் திறந்தவர் நெஞ்சும் அன்று அமைதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தவர் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். வாய்க்கு வாய் கதை, கதைக்கு நடுவே வாய். தட்டு காலியானது.

"சமையல் எப்படி?" என்றாள் மனைவி.

"பிரமாதம். எல்லாம் அளவா இருக்கு."

"அப்படியா? இன்னைக்கு உப்பே போடலைங்க, மறந்துட்டேன்."

அவர் கடகடவென்று சிரித்துவிட்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம் போடு. இந்தத் தடவை உப்பை நான் அளந்து போட்டுக்கறேன்."