குகை வாசலில் தலையாட்டியவன்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகள். அந்தப் போர்வையையும் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு பகல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முடியும்வரை யாரையும் எழும்ப விடமாட்டேன்.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த கோடை. கனடாவில், ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் இருந்த நாங்கள் ஒரு பஸ் பிடித்து, நகரத்துக்கு வடக்கே ஒரு மலையடிவாரத்துக்குப் போனோம். அங்கிருந்து சின்ன ரயில் மேலே ஏறும். மேலே குகைகள், பக்கத்திலே, உலகப் போரில் செத்த அந்த ஊர் இளைஞர்களுக்கு ஒரு நினைவுக்கல்.

ரயிலில் யூஜினி, தன் சிநேகிதி பேர்ணடெற்றிடம் மனத்தில் கிடந்ததைக் கொட்டினாள். தமிழர் கொழும்பில் தங்கப் பொலிஸில் பதியவேண்டிய காலம்; அவளுடைய கணவன் அந்தப் பதிவில்லாமல் அங்கே ஒளிந்திருந்தான். எந்தத் தெரு, யார் வீடு என்பதுவரை சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் திரும்பினால், பின் இருக்கையில் அன்புராசா. கனடாவுக்குப் புதிதாக வந்தவன். ஊரில் எவடம் என்று கேட்டால் "அங்காலை" என்பதோடு நிறுத்திக்கொள்பவன்.

யூஜினி பேர்ணடெற்றின் கையைப் பிடித்து, கண்ணால் பின் இருக்கையைக் காட்டினாள். பேர்ணடெற் சிரித்தாள். "உனக்கெண்டால் பாண் விக்கிறவனும் சீஐடிதான்."

குகைக்குள் எல்லாரும் இறங்கினோம். அன்புராசா மட்டும் வாசலிலேயே நின்றான். நாங்கள் வெளியே வரவர, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

ஊரில் இராணுவம் சுற்றிவளைத்தால், சனத்தை வரிசையாக நடத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் யாரைப் பார்த்து ஆட்டினானோ, அவரைப் பிறகு காணக்கிடைக்காது. யூஜினியின் தமையனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவள் நின்ற இடத்திலேயே விறைத்துப்போனாள்.

பிறகு என்ன நினைத்தாளோ, நினைவுக்கல்லடியில் நின்ற அன்புராசாவிடம் நேரே போனாள்.

"எங்களைப் பாத்து ஏன் தலையாட்டினனீர்?"

அவன் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆக்களை எண்ணினனான் அக்கா. ஷெல்லடிக்கேக்கை பங்கருக்குள்ளை இருந்தனாங்கள். வெளியாலை ஓடேக்கை ஆரும் எண்ணேல்லை. தங்கச்சி உள்ளையே கிடந்திட்டாள்."

யூஜினி, நம்பலாமா என்று அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

"ரயிலிலை நீங்கள் கதைச்சது முழுக்க எனக்குக் கேட்டது. என்னை நம்பவேண்டாம். அவரை இடம் மாத்தச் சொல்லுங்கோ."

அடிவாரத்தில் இறங்கியதும் யூஜினி ரெலிபோன் பெட்டிக்குத்தான் ஓடினாள். கொழும்பில் விடியுமுன்னே கணவன் வேறு வீட்டுக்கு மாறிவிட்டான். இந்த முறை எந்த வீடு என்று அவள் பேர்ணடெற்றுக்கும் சொல்லவில்லை. அன்புராசா சொன்னது மெய்யா என்று அவளுக்கு இன்னும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரும் உங்களுக்கு வேண்டியவர்களாகவே இருக்கட்டும், பிள்ளைகள். உங்கள் வீட்டில் எல்லாரும் பயமில்லாமல் நித்திரை கொள்ளட்டும்.