கதைக்கக் கூடாத ஊசி

கிண்ணியாவில் நுஸ்ரத்தின் தயிர்க் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவளுடைய கதைக்காகவே வருகிறவர்கள். மார்பில் வந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகும் அவளுடைய வாய் ஓயவில்லை. புற்றுநோய் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பில் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதையும் தயிர் வாங்க வந்தவர்களிடம் சிரித்துச் சிரித்தே சொன்னாள்.

ஸ்கேனுக்கு முதல்நாள் சோறும் இனிப்பும் கூடாது. பாரமான வேலையும் கூடாது. அவளைக் காவல் காக்கும் பொறுப்பைக் கணவர் முனீப் எடுத்துக்கொண்டார். சோறு ஆக்குகிற குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். அவள் விளக்குமாற்றைத் தொட்டால் பறித்தார். வாளியைத் தூக்கினால் பிடுங்கினார்.

பகலைக்குப் பொரித்த மீனை மட்டும் தட்டில் வைத்துக் கொடுத்தார். “பொரிச்ச மீனைச் சோறில்லாம எப்பிடித் தின்னுற?” என்றாள்.

“பூனை தின்னுதுதானே,” என்றார் முனீப்.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பல்கீஸ், கருப்பட்டி போட்டு அவித்த இனிப்பான வட்டிலப்பத்தோடு சுகம் விசாரிக்க வந்தாள். “ஒரு துண்டு தின்னா என்ன வரப்போகுது?” என்றாள். முனீப் தட்டை மரியாதையாக வாங்கி, இருவரும் பார்த்திருக்க முழுவதையும் தானே தின்று முடித்தார். கொழும்புக்குப் போகிற வழியெல்லாம் அவருக்குத்தான் வயிறு சரியில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் சீனி அளவு பார்த்த தாதி, சரி என்று தலையாட்டிவிட்டு ஊசி போட்டாள். கம்பளியால் போர்த்திவிட்டாள்.

“அக்கா, இனி ஒரு மணித்தியாலம் கதைக்க வேணாம். கதைச்சா மருந்து தொண்டைத் தசைக்குப் போயிடும். படம் பிழைச்சிடும்.”

நுஸ்ரத் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், அப்படியே மூடிக்கொண்டாள்.

கதை நின்றதும் பயம் வந்தது. இத்தனை மாதமும் பேசிப் பேசியே அதை வாசலில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அடுத்த கட்டிலில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டாள். நெற்றியில் திருநீறு. அவளுக்கும் அதே ஊசிதான், பேச ஏலாது. கம்பளிக்குள்ளிருந்து மெல்லக் கையை எடுத்து, விரல்களைக் குவித்து, இல்லாத சோற்றை ஒரு கவளம் உருட்டிக் காட்டினாள். நுஸ்ரத்துக்குச் சிரிப்பு வெடித்து வந்தது. சிரித்தால் மருந்து எந்தத் தசைக்குப் போகுமோ என்று கம்பளியைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் முடிந்து இருவரும் கன்டீனில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவள் பெயர் கனகமணி. இலங்கைத்துறைக்காரி, புருஷன் கடல் தொழில். ஒரே மாவட்டத்துக்காரிகள் கொழும்புக்கு வந்துதானா சந்திக்க வேண்டும் என்று தொடங்கிய கதை, மேசை துடைக்க ஆள் வரும் வரைக்கும் முடியவில்லை.

அடுத்த கிழமை நுஸ்ரத்துக்கு முடிவு வந்தது. வேறெங்கும் பரவவில்லை. முனீப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் கனகமணிக்குப் போன் எடுத்தாள்.

“எனக்கு இடுப்பெலும்பில ஒரு இடத்தில இருக்குதாம்,” என்றாள் கனகமணி. “சுகப்படுத்தப் பாக்கலாமெண்டு டொக்டர் சொன்னவர். திங்கட்கிழமை கரண்ட் பிடிக்க, அந்தக் கதிர் வைத்தியத்துக்கு, வரச் சொல்லியிருக்கினம். இவருக்குக் கடல். தனியப் போகத்தான் ஒரு மாதிரிக் கிடக்கு.”

“நீங்க தனியப் போக மாட்டீங்க. நான் வாறன்,” என்றாள் நுஸ்ரத்.

திங்கட்கிழமை கடையை முனீப்பிடம் விட்டுவிட்டு, கனகமணி வந்த பஸ்ஸில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.