மெர்லின் கல்யாணமும் நிற்காமல் ஓடும் பெட்டியும்

1

இந்தக் கதை ஒரு விசையைத் தட்டியதில் பிறந்தது. 'இந்த ஹார்டு டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று கணினி கேட்டது. சம்மதம் என்றான். மேலோட்டமாக அழிப்பதா, முழுதாகத் துடைப்பதா என்றும் கேட்டது. எதையும் அரைகுறையாகச் செய்யாதவன்; முழுதாக என்றான். 2012இல், திண்டிவனத்தில், அடைக்கலராஜின் வீடியோ ஸ்டுடியோவில் மெர்லினின் கல்யாண வீடியோ இப்படித்தான் அழிந்துபோயிற்று.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் மெர்லினின் அக்கா அக்னஸுக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கை கல்யாணத்தை அவள் பார்ப்பதற்கு இருந்த ஒரே வழி அந்த வீடியோ.

(விசையைத் தட்டியவனை 'நான்' என்று எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிப் பார்த்ததில் கை கூசியது. ஆகவே 'அவன்'. பெயர் தேவநாதன், ஊர் விழுப்புரம், தொழில் கதை எழுதுவது. கம்ப்யூட்டர் பற்றி யாரும் கேட்காமலே யோசனை சொல்வது உபதொழில்.)

2

அடித்துவிட்ட தொடக்கங்கள்:

'அன்றும் மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல்...' பொய். அந்த வருஷம் நாளுக்குப் பாதி நேரம் இல்லாத மின்சாரம், அன்று மட்டும் முழுசாக நாலு மணி நேரம் இருந்தது. போயிருந்தால் கல்யாணம் தப்பியிருக்கும்.

'சர்வரை நம்பக் கூடாது என்று தெரிந்திருந்தும் அடைக்கலராஜ்...' இது அதைவிடப் பெரிய பொய். அந்தக் கம்ப்யூட்டரை வாங்கச் சொன்னது யார்?

3

அடைக்கலராஜ் கேட்டது சின்னக் கேள்வி. "சார், எடிட்டிங்குக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?"

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். தேவநாதன் இரண்டு வாரம் இணையத்தில் விசாரித்தான். கம்பெனிகளில் இரவு பகலாக ஓடும் சர்வரா, சாதாரணக் கம்ப்யூட்டரா, எந்த இயங்குதளம் என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில்: 'அது உங்கள் தேவையைப் பொறுத்தது.' என்ன பெரிய தேவை? பாதியில் நிற்கக் கூடாது. கூறைப்புடவை சிவப்பு சிவப்பாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். கடைசியில் 'சர்வர் வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடும்' என்று எவனோ எழுதிய வரி அவனைக் கவிழ்த்தது. புதுச்சேரியில் ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய சர்வர் இரண்டு பேர் தூக்க வந்து இறங்கியது.

"ரெண்டு பிராசஸர் அடைக்கலம். மெமரியும் சாதாரணம் இல்ல. தப்பு வந்தா அதுவே திருத்திக்கும்."

"அப்ப எனக்கும் ஒண்ணு மண்டையில மாட்டிவுடுங்க சார்."

(குறிப்பு: அந்த மெமரி கணினியின் தப்பை மட்டுமே திருத்தும். முன்னால் உட்கார்ந்திருப்பவனுடையதை அல்ல.)

ஆன் செய்ததும் அதன் விசிறிகள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் பத்து லாரி ஒரே நேரத்தில் கிளம்புவதுபோல் இரைந்தன. அந்த இரைச்சலில் பாட்டுச் சத்தம் கேட்காதே என்று பயந்தார்கள். தேவையில்லாத பயம். அதில் ஸ்பீக்கர் மாட்ட இடமே இல்லை. சர்வருக்கு வாய் எதற்கு என்று செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். தவிர, தன் மெமரியை எல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க அதற்கு ஏழு நிமிஷம் ஆனது. எழுந்த கையோடு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் அழுதது.

"மாப்பிள்ள கூட இவ்ளோ நேரம் ரெடியாவ மாட்டான் சார்."

இயங்குதளத்திலாவது சும்மா இருந்தானா? சர்வருக்கு சர்வர் விண்டோஸ்தான் என்று அடம்பிடித்துப் போட்டான். எடிட்டிங் மென்பொருள் அதில் ஏறவே மாட்டேன் என்றது. சரி, எல்லாரும் வைத்திருக்கும் விண்டோஸையே போட்டுத் தொலைப்போம் என்று பழையதை அழிக்க உட்கார்ந்தான். உள்ளே ஒரே அளவில் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் மெர்லின் கல்யாணம். 'இனி எல்லாத்தையும் சர்வர்லயே போடுங்க, அதுதான் பத்திரம்' என்று சொன்னவன்...

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

கல்யாணத்தை எடுத்த கேமரா கார்டுகளிலும், அதன் மேலேயே காணையில் நடந்த மஞ்சள் நீராட்டு விழா ஏற்கெனவே ஏறியிருந்தது.

4

முடிவு அ: சென்னையில் ஒரு நிபுணர் அனைத்தையும் மீட்டுத் தருகிறார். (மீண்டது கார்டிலிருந்து பதினொரு விநாடி. பந்தியில் ஒரு கை அப்பளம் நொறுக்குகிறது. கை தேவநாதனுடையது.)

முடிவு ஆ: கோயிலில் மறுபடி தாலி கட்டச் சொல்லிப் படம் பிடிப்பது. (பங்குச் சாமியார் பார்த்த பார்வையோடு சரி.)

5

அக்னஸுக்கு அவனே போன் செய்து சொன்னான்.

"நீங்க கதை எழுதறவர்தானண்ணா? அப்ப எழுதி அனுப்புங்க. தாலி கட்டறப்ப எம் தங்கச்சி எப்படி இருந்தா? அது போதும் எனக்கு."

தாலி கட்டிய நேரத்தில் எழுத்தாளர் முதல் பந்திக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆகவே வீடு வீடாகப் போய்க் கேட்டான்.

அம்மா சூசை மேரி: "அதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி."

அடைக்கலராஜ்: "நான் ஃபோகஸத்தான் சார் பாத்தேன். மூஞ்சிய யாரு பாத்தா?"

மாப்பிள்ளை ஸ்டீபன்ராஜ்: "முடிச்சு அவுந்துடக் கூடாதேன்னு முடிச்சையே பாத்துக்கினு இருந்தேங்க."

சர்வர் வாங்கக் கேட்டபோது கிடைத்த பதில்களே பரவாயில்லை.

கடைசியாக மெர்லின். மூன்று வாரமாக அவனோடு பேசாதவள். முறத்தில் மல்லாட்டை உரித்துக் கடலையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அழுதாயா, சிரித்தாயா என்று கேட்டான்.

"மொதல்ல, அழிச்சது யாருன்னு எழுதுங்க."

'நான்தான் அழித்தேன்' என்று எழுதிக் காட்டினான். படித்துப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னதை வெட்டு ஒட்டு இல்லாமல் கீழே தருகிறேன். அக்னஸுக்கு இதை அனுப்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை, வாசகர் சொல்லட்டும்.

"அழுவல, சிரிக்கவும் இல்லண்ணா. கோயில் வாசலயே பாத்துக்கினு இருந்தேன். லீவு இல்லன்னு சும்மா சொல்லிட்டு, அக்கா திடீர்னு வந்து நிப்பாளோன்னு. தாலி ஏறுனதே எனக்குத் தெரியாது."