ஜம்பர் இல்லாத போர்டு

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் மோட்டார் ஸ்டார்ட்டருக்கான சர்க்யூட் போர்டுகள் தயாராகிவந்தன. போர்டில் செம்புத் தடங்கள் ஒரே பக்கம்தான். ஒரு தடம் இன்னொன்றைத் தாண்ட வேண்டிய இடத்தில், மேலே சின்னக் கம்பியைப் பாலம்போல் வளைத்து வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஜம்பர் என்பார்கள். அந்த வேலைக்கு ஆறு பெண்கள். மூத்தவள் ஜெயக்கொடி; வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவாள்.

புது போர்டு டிசைன் செய்ய வந்த டெய்சி, ஒரு வாரம் அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மத்தியானம் ஜெயக்கொடியின் டிபன் பாக்ஸிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டாள்.

“ஜம்பர்ல இன்னாக்கா கஷ்டம்? மறைக்காம சொல்லு.”

ஜெயக்கொடி மனம்விட்டுச் சொன்னாள். நீளம் ஒவ்வொன்றும் ஒரு தினுசு, மாறிப்போகிறது. அவசரத்தில் வளைத்தால் பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது. சாயங்காலமானால் கண் எரிகிறது, தப்பு வருகிறது.

“எல்லாத்தையும் ஒரே நீளமா வெச்சுட்டீனா புண்ணியமா போவும்மா.”

“பாத்துக்கறேங்க்கா.”

புது போர்டு வந்தது. சின்னக் கம்பிகளுக்குத் துளையே இல்லை. தாண்டும் இடங்களில் எள்ளளவு கறுப்புச் சில்லுகள். ஜீரோ ஓம் ரெசிஸ்டராம். கம்பி செய்த வேலையை அது செய்யும், சென்னையில் மெஷினே அதை வைத்துவிடும்.

முதலாளி தங்கராஜ் எல்லாரையும் கூப்பிட்டார். “கையால வெச்சா தப்பு வருதுன்னு டெய்சிகிட்ட நீங்களே சொன்னீங்களாமே. ஒண்ணாந்தேதியிலருந்து இந்த வேல இங்க இல்லம்மா.”

ஐந்து பேரும் திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தார்கள்.

அவள் வாசலில் டெய்சியை மறித்தாள். “என் சோத்தத் தின்னுட்டு எனக்கே ரெண்டகம் பண்ணிட்டியே!”

“மெஷினுக்கு ஏத்தாப்ல டிசைன் பண்றதுதான் என் வேலக்கா. உனுக்கு ஒண்ணும் ஆவாது. பெரிய கரண்டு போற எடத்துல அந்தச் சில்லு தாங்காது, தடிக் கம்பிதான். போர்டுக்கு ஒண்ணு. அத நீ வெக்கறன்னு சொல்லிட்டேன்.”

தனக்கு மட்டும் கிடைத்த அந்த ஒற்றைக் கம்பி இல்லாமலே போயிருக்கலாம் என்றிருந்தது ஜெயக்கொடிக்கு.

பஸ் ஸ்டாண்டில், அந்த ஐந்து பேரில் ஒருத்தியான மங்கை முகம் கொடுக்கவில்லை.

“நான் காட்டிக்குடுக்கலடி. கஷ்டத்த கேட்டா, சொன்னேன். அவ்ளோதான்.”

“சரிக்கா. அப்ப அந்த ஒத்தக் கம்பி வேலய வுட்டுட்டு எங்களோட நீயும் நின்னுக்க.”

ஜெயக்கொடி பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள். பஸ் வந்ததும் மங்கை அவளை விட்டுவிட்டு முன்வாசலில் ஏறிக்கொண்டாள்.

ஒன்றாம் தேதி ஜெயக்கொடி வேலைக்குப் போனாள். டெய்சி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள், தடிக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.