போரேகௌடரின் ஒற்றை உருண்டை

மத்தூர் பக்கத்து ஹொசகெரெயில் முத்தெயை மெல்லுகிறவர் எவரும் கிடையாது. அந்தக் கேழ்வரகுக் களி உருண்டையில் ஒரு விள்ளல் கிள்ளி, சாற்றில் ஒரு புரட்டுப் புரட்டி நாக்கில் வைத்தால், அது தானே வழி பார்த்துக்கொண்டு உள்ளே போய்விடும். பல்லுக்கு அங்கே வேலை இல்லை. முதுமையில் கண்மூடிய தேவேகௌடரின் கடைவாய்ப் பற்கள் அன்றைக்குத்தான் கடையில் வாங்கியவைபோல் இருந்தன. எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பெங்களூர் மாப்பிள்ளை ஒருவர் தெரியாத்தனமாகப் பந்தியில் மென்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த யுகாதிக்கும் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்படிப்பட்ட ஊரிலேயே விழுங்குவதில் முதல் ஆள் போரேகௌடர். மாரம்மன் திருவிழாவில் வருஷாவருஷம் முத்தெப் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு ஒரு கிடா. போரேகௌடர் கொட்டிலில் பரிசுக் கிடாக்களின் பேரன் பேத்திகள் வரை கட்டிக் கிடந்தன.

சென்ற வருஷம்தான் கோளாறு தெரிந்தது. கௌடர் வயலுக்குப் போனால் எறும்புகள் பின்னாலேயே வரிசை கட்டி வந்தன. இதை நம்பாதவர்கள் உண்டு. ஆனால் எறும்புகள் இதுவரை மறுத்ததில்லை. மனைவி சாகம்மா அவரை மத்தூர் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"சர்க்கரை ஏறிப்போச்சு கௌட்ரே," என்றார் டாக்டரம்மா.

"முத்தெ உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுதேம்மா."

"நல்லதுதான். அதுக்காக நாலு பேர் பங்கையும் நீங்களே தின்னா? வேளைக்கு ஒண்ணு. தட்டுல பாதி கீரையும் பருப்புமா இருக்கணும். சாப்பிட்ட கையோட படுக்காம நடங்க."

அன்றிலிருந்து அடுப்படி சட்டமன்றமாகி, சாகம்மா ஒருத்தியே எல்லாக் கட்சியும் ஆனாள். தண்டுக்கீரையையும் துவரம்பருப்பையும் குழையாமல் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொள்வாள். சுட்ட வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய், கொஞ்சம் தேங்காய், ஒரு சுளைப் புளி, கூடவே வெந்த கீரையில் ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் பஸ்ஸாரு. மிச்சக் கீரையையும் பருப்பையும் கடுகு தாளித்துப் புரட்டினால் பொரியல். ஒரு பானையில் இரண்டு பதார்த்தம். கொட்டுவதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிஞ்சாது.

உருண்டை விஷயத்தில் அவள் வாக்குவாதமே செய்யவில்லை. தேங்காயளவு இருந்ததைத் தினம் ஒரு துளி குறைத்துக்கொண்டே வந்தாள். அது எலுமிச்சையளவுக்கு வந்த பிறகும் கௌடர் கண்டுபிடிக்கவில்லை.

"இந்தத் தட்டு ஏன் சாகம்மா நாளுக்கு நாள் பெருசாகுது?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டார்.

"வெண்கலம்தானே. வெயில் காலத்துல விரியும்," என்றாள் அவள்.

எறும்புகள் ஒவ்வொன்றாக வேறு ஆள் பார்க்கப் போய்விட்டன. கௌடரின் இடுப்பு வேட்டி ஒரு சுற்று கூடுதலாக வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, திருவிழாவுக்குக் கொடி ஏறும் வரை.

நாகமங்கலத்திலிருந்து சாகம்மாவின் தம்பி மாயிகௌடன் போட்டிக்கு வந்து இறங்கினான். பஸ்ஸிலிருந்து அவன் வயிறு முதலில் இறங்கியது. அவன் கொஞ்சம் பொறுத்து இறங்கினான். நேரே அக்கா வீட்டுத் திண்ணைக்கு வந்தான்.

"என்ன மாமா, பாதியா வத்திட்டீங்க? அக்கா உங்களைக் கீரைப்பாத்தியில மேய விடுறாளாமே!"

"வாடா மச்சான். இந்த வருஷமும் தோத்துட்டுப் போக ஆசையா?"

"பந்தியில உக்காரத்தான் போறீங்களா? கிடாவை நானே ஓட்டிட்டுப் போயிடலாம்னு கயிறு கொண்டு வந்துட்டேன்." கயிற்றை எடுத்தும் காட்டினான்.

உள்ளேயிருந்து சாகம்மாவின் குரல் வந்தது. "தாராளமா உக்காரட்டும். ஒரு உருண்டை தின்னலாம். ரெண்டாவது உருண்டைல கை பட்டா, தம்பி போற பஸ்லயே நானும் போயிடுவேன். அப்புறம் அவரே கிண்டித் தின்னட்டும்."

அது வெறும் பேச்சில்லை என்று கௌடருக்குத் தெரியும். சாகம்மா சொன்னால் செய்கிறவள். முன்பொரு தடவை கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனபோது அவரே முத்தெ கிண்டினார். மாவுக்கட்டி உடையாத அந்த உருண்டையைக் கொத்திய காக்கை ஒரு வாரம் கத்தவில்லை. நாய் அதை எடுத்துக்கொண்டுபோய்ப் புதைத்தது. பிற்பாடு கிணறு தோண்ட வந்தவர்கள் அங்கே பாறை தட்டியதென்று வேறு இடம் பார்த்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. அவள் இல்லாத வீட்டில் வெண்கலத் தட்டு நிஜமாகவே பெரிதாகத் தெரிந்ததைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

உட்காராமல் இருந்தால் ஊர் சிரிக்கும். உட்கார்ந்தாலோ ஒரு உருண்டை நாலு விழுங்கலுக்குத் தாங்காது. அன்றைக்கு முழுவதும் கௌடர் கிடாவைப் பார்த்தார். கிடா அவரைப் பார்த்து நிதானமாக அசைபோட்டது.

திருவிழாவின் முதல் நாள் கறி கிடையாது. பெரிய அண்டாவில் பஸ்ஸாரு. கோயில் முன்னால் இலை போட்டார்கள். ஊர்ப்பெரியவர் நிங்கேகௌடர் வருஷாவருஷம் சொல்லும் சட்டத்தைச் சொன்னார். "இலையை விட்டு எழுந்தவன் தோத்தான். வாய் ஓஞ்சவன் தோத்தான். கடைசி வரைக்கும் வாய் அசையுறவனுக்குக் கிடா."

அந்தச் சட்டத்தில் எத்தனை உருண்டை என்ற பேச்சே கிடையாது. ஆனால் விழுங்குகிற ஊரில் வாய் ஓயாதிருக்க ஒரே வழிதான் உண்டு: மேலும் மேலும் தின்பது. அதனால் உருண்டைக் கணக்குதான் போட்டி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மாயிகௌடன் இலையில் உருண்டைகள் விழுந்தன. விழுந்த சத்தம் கேட்பதற்குள் காணாமல் போயின. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏப்பம் விட்டு எழுந்து போனார்கள். ஒருவர் விட்ட ஏப்பத்தில் கோயில் மணி லேசாக ஆடியது.

கௌடர் தன் ஒற்றை உருண்டையில் ஒரு விள்ளல் கிள்ளினார். சாற்றில் புரட்டினார். பந்திக்கு அந்தப் பக்கம் கரண்டியோடு நின்ற சாகம்மாவை ஒரு தரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

மென்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு கிழவர் அலறினார். "அய்யய்யோ! கௌட்ரு மெல்றாருடா!"

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். தவில்காரர் கை அந்தரத்தில் நின்றது.

"மாமா, மானத்தை வாங்காதீங்க! அக்கா பிறந்த வீட்டுக்கும் சேர்த்துப் போகுது!" என்று மாயிகௌடன் கத்தினான்.

கௌடரால் பதில் சொல்ல முடியவில்லை. முத்தெயை மென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேல்பல்லைக் கீழ்ப்பல் விடாது, கீழ்ப்பல்லை நாக்கு விடாது. ஒரு விள்ளலை வாய்க்குள்ளேயே விரட்டிப் பிடித்துச் சமாளிப்பதற்குள் நிழல் இலையைத் தாண்டிப் போய்விட்டது. நடுநடுவே கீரைப் பொரியலில் ஒரு கவளம், மேலே ஒரு வாய்ச் சாறு. அப்புறம் அடுத்த விள்ளல். காதோரம் முதல் கன்னம் வரை எல்லாம் அசைந்தது. காதுகூட ஆடியது.

"பெரியவரே, இது அநியாயம்!" என்றான் மாயிகௌடன். அவன் குரல் ஏற்கெனவே உருண்டைகளுக்கு அடியிலிருந்து வந்தது.

நிங்கேகௌடர் குனிந்து கௌடரின் தாடையைப் பார்த்தார். "வாய் அசையுது. இலையிலயும் இருக்காரு. சட்டத்துல குத்தமில்லையேப்பா. நீ தின்னு."

மாயிகௌடன் இன்னும் ஒன்று தின்றான். பிறகு அரை. பிறகு கையில் எடுத்த விள்ளலை, கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வாய் ஓய்ந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, நாலு பேர் தூக்கியதில் மூன்று பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

கௌடர் இலையில் இன்னும் கால் உருண்டை மிச்சமிருந்தது.

கிடாவின் கயிற்றைக் கையில் கொடுத்தபோது அவர் ஒரு வழியாக வாயைக் காலி செய்துகொண்டு மனைவியைத்தான் கூப்பிட்டார்.

"சாகம்மா! இதுல ருசி இருக்குடி!"

"எதுல?"

"முத்தெயில! மெல்ல மெல்ல ஒரு இனிப்பு வருது. இத்தனை வருஷமா எங்கிட்ட யாருமே சொல்லலையே!"

"வாயில நின்னாத்தானே சொல்றதுக்கு," என்றாள் சாகம்மா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியிலிருந்த பஸ்ஸாரு நிங்கேகௌடரின் அங்கவஸ்திரத்தில் சிந்தியது.

அன்று சாயங்காலம் ஹொசகெரெயில் நிறைய வீடுகளில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன செய்தார்கள் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தெருவில் போனவர்களுக்குச் சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.

மாயிகௌடனை அவனுடைய பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு விசில் ஊதிவிட்டார். வயிறு இறங்கும்வரை அவன் அக்கா வீட்டிலேயே கிடந்தான். மறுநாள் மத்தியானம் சாகம்மா இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். பாதித் தட்டுக் கீரை, ஓரத்தில் எலுமிச்சையளவு உருண்டை.

"என்னக்கா, தட்டு இவ்வளவு பெருசு?" என்றான் மாயிகௌடன்.

"வெண்கலம்டா மச்சான். வெயில்ல விரியும்," என்றார் கௌடர். சொல்லிவிட்டுத் தன் உருண்டையைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது வழக்கத்தைவிட ஒரு துளி பெரிதாக இருந்தது. சாகம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் நிதானமாக மெல்ல ஆரம்பித்தார்.