ஒரே ஒரு ஓட்டு வீடு

எங்கள் கட்டடத்துக்கு ஐந்து மாடி. லிஃப்ட் ஓடுவது அதன் இஷ்டம். நான் ஐந்தாவதில் தனியாக இருக்கிறேன். மனைவி போய் இரண்டு வருஷம். மகள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறாள்.

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் ஆட்களில் ஒருத்தி நகரசபைத் தேர்தலில் நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளை நிறுத்தியது எங்கள் சங்கம். செயலாளர் டாக்ஸி ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அவனை மீட்டர் என்பார்கள்.

எனக்கும் சங்கத்துக்கும் ஆகாது. நாற்பது பேர் வந்த கூட்டத்தில் மேடையில் மட்டும் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கீழ மிச்சம் இருக்கிறவங்களையும் மேல ஏத்திடுங்கப்பா, வேலை முடிஞ்சிரும்" என்று கத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒருத்தனும் என் பக்கம் வருவதில்லை.

ஓட்டை அவர்கள் ஆள் ஆளாகச் சேர்க்கவில்லை, வீடு வீடாகச் சேர்த்தார்கள். வீட்டுப் பெரியவரைப் பிடித்தால் மொத்த வீடும் வந்துவிடும் என்று நினைப்பு. மூன்றாவது மாடி பேக்கரிக்காரன் வீட்டில் மகன், மருமகள், மச்சான் என்று ஏழு ஓட்டு. அங்கே நாலு தடவை வந்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, கதவை விரலளவு திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். படிக்கட்டில் பேச்சு நன்றாகக் கேட்கும்.

"மாமா, ஏழும் நமக்குத்தானே?"

"ஏழும் உனக்குத்தான். மச்சானை மட்டும் நீயே வந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போ."

"மேல யாரு இருக்கா?"

"அந்தக் கிழவன்தான். ஒரே ஒரு ஓட்டு. அதுக்கு ஒன்பது திட்டு வாங்கணும்."

"அப்போ விடுங்க. முட்டிக்கும் வலி, காதுக்கும் வலி."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். வந்தால் எப்படியெல்லாம் மடக்குவது என்று நான் யோசித்து வைத்திருந்தது வீணாய்ப் போயிற்று.

தேர்தலன்று நானே போனேன். ஹோட்டல் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் அதிகாலை ஷிப்ட் பார்த்த உடம்பு. வாக்குச்சாவடிக் கதவு திறந்ததுமே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். எங்கள் ஆட்கள் யாரும் அப்போது எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். என் மனைவியின் கடைசி வாரத்தில், டாக்டர் சொன்னதையெல்லாம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னது அந்த நர்ஸ்பெண். அவளுக்குத்தான் போட்டேன், சங்கத்துக்கு இல்லை.

ஒன்பது ஓட்டில் தோற்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டினார்கள். மகள் போன வருஷம் வந்து போனதற்குப் பிறகு அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. மீட்டர் மூச்சு வாங்க நின்றான். கையில் பேர் எழுதின தாள், பேனா.

"ஒன்பது ஓட்டு, பெரியப்பா! நாலு தெருவுல தனியா இருக்கிறவங்க மட்டும் இருபத்திமூணு பேர். ஒருத்தர் வீட்டுப் படியும் நாங்க ஏறல. மடையனுங்க நாங்க. இப்போ ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வர்றேன். நீங்க போட்டீங்களா?"

போட்டேன் என்றால் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். பேனா மூடியைத் திறந்துதான் வைத்திருந்தான்.

"போடல" என்றேன்.

ஷூவைக் கழற்றி உதறினான். உள்ளே வந்து, மனைவி போன பிறகு யாரும் உட்காராத நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மனுஷனா நீங்க? நம்ம பொண்ணு நிக்குது, ஒரு நடை நடந்து போக முடியலையா?"

"யாராவது வந்து கேட்டீங்களாடா?"

"உங்களுக்குத் தனியா பத்திரிகை வெச்சுக் கூப்பிடணுமோ?"

"பேக்கரிக்காரனுக்கு நாலு தடவை வெச்சீங்களே!"

"ஒட்டுக்கேட்டீங்களா? இந்த வயசுல இதுவேறயா?"

அரை மணி நேரம் விடாமல் திட்டினான். நானும் விடவில்லை. பதினோரு பேர் மேடைக்கதையையும் இழுத்தேன்.

"அடுத்த தடவை நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

"நாலு வருஷம் இருக்கே. அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"இருப்பீங்க. இந்த வாய் இருக்கிறவரைக்கும் எமன் கிட்ட வரமாட்டான்."

என் பேருக்கு நேராகத் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு பெருக்கல் குறி போட்டான். சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டேன்.