பன்னிரண்டு பக்கத்தில் அக்கா பேசவில்லை

வீட்டில் கடைக்குட்டி என்று கூப்பிடுவீர்களே, அது நான்தான். வயது இருபத்திரண்டு. இப்போது பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் பெரியப்பா பாதியில் நிறுத்திவிட்டு, "சரி சரி, புரிஞ்சுடுச்சு" என்பார். எழுத்தில் குறுக்கே பேச முடியாது. யார் முதலில் திறப்பீர்கள் என்று தெரியாததால் எல்லோரையும் பிறத்தியாரைப் போலவே சொல்லிக்கொண்டு போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, மத்தியானம். வீட்டு முன்னறையில் நான் வீடியோவில் பார்க்கும்படி அப்பாவின் மருந்துப் பெட்டிமேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நாற்காலியில் பெரியப்பா. கட்டில் ஓரத்தில் அண்ணன். கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணி. அக்கா தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு அவளைப் பற்றித்தான்.

அக்காவுக்கு முப்பது வயது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை பார்த்தவள். அத்தான் விபத்தில் இறந்த பிறகு வேலையை விட வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. தங்க விடுதியும் தருகிறார்கள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

"வேலைக்குப் போறது தப்புன்னு நான் சொல்லலம்மா," என்றார் பெரியப்பா, அண்ணியைப் பார்த்து. "ஆனா புருஷன் போன பொண்ணு வெளியூர்ல தனியா இருந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான். யாரு வாய மூடறது?"

"இங்க என்ன கொறச்சல் அவளுக்கு? மூணு வேள சாப்பாடு, தனி ரூம்," என்றான் அண்ணன்.

அந்தத் தனி ரூமில் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் இஸ்திரிப் பலகையும் வாஷிங் மெஷினும் இருக்கின்றன.

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க போயிட்டா எனக்கு ரெண்டு கையும் ஒடிஞ்ச மாதிரி."

அது பொய்யில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்புவது, சமையல், அப்பாவுக்கு வேளாவேளைக்கு ஊசி, எல்லாம் அக்காதான். நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். இந்த வேலையையெல்லாம் யார் செய்வது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரியப்பா போனைப் பார்த்தார். "டேய் கடைக்குட்டி, நீ படிக்கிறவன். நீ என்ன சொல்ற?"

அக்கா கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க பெரியவங்க. பாத்து செய்ங்க," என்றேன்.

அவள் மீதியையும் மடித்து வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கதை எழுதுகிற படிப்பு என்று சொன்னபோது, "கத விடறதுக்கு எதுக்குடா காலேஜு? பெரியப்பாகிட்ட ரெண்டு நாள் உக்காந்தா போதாது?" என்று அண்ணன் சிரித்தான். பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

இங்கே வாத்தியார் கரும்பலகையில் கதை எழுதிப் போடுவதில்லை. நாம்தான் எழுத வேண்டும். பிரதி எடுத்து வகுப்பில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். அவர்கள் ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் கூடாது, 'நான் சொல்ல வந்தது என்னன்னா' கூடாது. ஒன்றரை மணி நேரம் குறிப்பெடுக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் போய்த் திரும்ப எழுத வேண்டும். அந்தத் திருத்தத்துக்குத்தான் மதிப்பெண்.

அன்றைக்குப் போனை வைத்த கையோடு எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாளில் பன்னிரண்டு பக்கம். கதையில் வருகிற தம்பி, "அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று எல்லோரையும் உலுக்குகிறான். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

நேற்று என் முறை. வகுப்பில் பேசியது வேறு மொழி. நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

தாடிக்காரன் ஒருவன்தான் ஆரம்பித்தான். "அந்தப் பொண்ணோட மௌனம் இருக்கே, அபாரம். பேசாமலே எல்லாத்தையும் சொல்லிடறா."

நாலைந்து தலைகள் ஆடின. மௌனம் இல்லய்யா, ஒருத்தரும் கேக்கல என்று தொண்டை வரை வந்தது. வாயைத் திறக்கக் கூடாதே. 'மௌனம், அபாரம்' என்று நோட்டில் குறித்துக்கொண்டேன்.

எதிரே ஓர் அம்மா. காலையில் பஸ் ஓட்டிவிட்டு மத்தியானம் வகுப்புக்கு வருகிறவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

"நான் பென்சில வச்சு எண்ணிட்டேன். பெரியவரு முப்பத்தோரு தடவ பேசறாரு. அண்ணன் இருபத்தாறு. தம்பி கொட்டித் தீக்கறான். அவ ஒரு வார்த்த கூட பேசல. கடைசில போறாளே, போகணும்னு எங்கயாவது சொன்னாளா? எழுதினவருக்கு ஆச. பெட்டியக் குடுத்து அனுப்பிட்டாரு."

"ஒருவேள அவங்க பக்கத்துல பொண்ணுங்க அப்படித்தானோ என்னவோ," என்றான் தாடிக்காரன்.

"எந்தப் பக்கத்துல அப்படி? நாலு பிள்ளைய வளத்தவ நான். என்னையும்தான் யாரும் கேக்கல. அதுக்காக எனக்குப் பேச்சு வராதுன்னு அர்த்தமா தம்பி?"

வகுப்பு சிரித்தது. தாடிக்காரனும் சிரித்தான். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "இப்ப நீ பேசலாம். அவ என்ன சொல்லுவா?"

"தெரியல மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டு எழுது."

ஒன்றரை மணி நேரம் வாயை மூடி உட்கார்ந்ததே எனக்குத் தாங்கவில்லை. அக்கா இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்.

இன்றைக்கு மத்தியானம் அவள் போனுக்கே கூப்பிட்டேன். எடுத்ததும், "சாப்டியாடா?" என்றாள். பின்னால் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, உனக்கு அந்த வேலைக்குப் போகணுமா?"

"என்னடா, வீட்டுப்பாடமா?"

"இல்லக்கா. நெஜமா கேக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"இத கேட்ட மொத ஆளு நீதான். கொழந்தைங்களுக்கு ரத்தம் எடுக்கறப்ப அதுங்க ஊசியப் பாக்காம என் மூஞ்சியத்தான் பாக்கும். பேச்சுக் குடுத்துகிட்டே எடுத்துடுவேன். இப்ப அப்பாவுக்கு ஊசி போடறப்ப கூட கை நடுங்குது. கத்துக்கிட்டது மறந்துடுமோன்னு பயமா இருக்குடா. போகணும். எனக்குப் போகணும்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"நான் சொன்னா அழறான்னு சொல்லுவாங்க. நீ சொன்னா யோசனைன்னு எடுத்துப்பாங்க. உன்னத்தான கேட்டாங்க? நான் உன்னையேதான பாத்துகிட்டிருந்தேன்."

"தப்புதான்க்கா," என்றேன்.

"சரி விடு. இனிமே என்ன. சர்டிபிகேட்டெல்லாம் அண்ணன் வாங்கி அவன் பீரோல பூட்டிட்டான், பத்திரமா இருக்கட்டும்னு. அசல் இல்லாம அங்க சேத்துக்க மாட்டாங்க."

"நீ சொன்னத வீட்டுக்கு எழுதட்டுமா?"

"எழுது. நீயா எதையும் சேக்காத. நான் சொன்னத மட்டும் எழுது."

உள்ளேயிருந்து ஒரு பிள்ளை "அத்தே" என்று கத்தியது. வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கவில்லை. நான் அன்றைக்குச் சொன்ன 'பாத்து செய்ங்க'வைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக என்னிடம் இன்னொரு யோசனை கேட்க வேண்டாம். இங்கிருந்து என்னால் ஒரு பீரோவைக் கூடத் திறக்க முடியாது. இன்று வியாழன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா அங்கே நிற்க வேண்டும். அண்ணனோ, அண்ணியோ, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெரிய பிள்ளையோ, இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, பீரோவில் இருக்கும் அந்தச் சான்றிதழ்களை எடுத்து அக்கா கையில் கொடுத்துவிடுங்கள்.